எஸ்கியூலைட்: ஒரே ஒரு முறை மட்டும் பதிவான சீட்டுகளை எடுப்பது எப்படி?

மண்டபம்_கணக்கு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். மண்டபம் பக்கம் ஒரு நண்டு கம்பெனியில் கணக்குப் பார்க்கிறேன், பதிவெல்லாம் எஸ்கியூலைட்டில் (அட்டவணைகளாகத் தரவு வைத்துக்கொள்ளும் மென்பொருள்) வைத்திருக்கிறேன். தேவிபட்டினம், திருப்பாலைக்குடி, மோர்ப்பண்ணை, தொண்டி என்று வடகடல் ஊர்களிலிருந்து எங்களுக்கு நண்டு வருகிறது. கரையில் ஏஜெண்ட் எடை போட்டு, வள்ளத்துக்காரர் கையில் ஒரு சீட்டு கொடுப்பார், அதன் நகல் எங்களுக்கு வரும். வண்டி வந்து சேர்ந்ததும் கம்பெனித் தராசில் மறுபடி எடை போட்டு அதே சீட்டு எண்ணில் நாங்கள் பதிவோம். இரண்டும் 'வரத்து' என்ற ஒரே அட்டவணையில்தான் இருக்கிறது. நெடுவரிசைகள்: ஐடி, ஊர், புத்தகம்_எண், சீட்டு_எண், இடம் (இதில் 'கரை' அல்லது 'கம்பெனி' என்று இருக்கும்), தேதி, எடை.

ஆக ஒரு சீட்டுக்கு இரண்டு வரிசை இருக்க வேண்டும். சில சீட்டுக்கு ஒன்றுதான் இருக்கிறது. ஜோடி இல்லாத சீட்டுக்குப் பணம் போடாமல் நிறுத்தி வைப்பது வழக்கம் என்பதால், வாரக் கணக்குத் தீர்க்கும்போது வள்ளத்துக்காரர்கள் வந்து நின்று கேட்கிறார்கள், ராத்திரி முழுக்கக் கடலில் கிடந்துவிட்டு வந்தவரிடம் 'சீட்டைத் தேடிக்கொண்டிருக்கிறோம்' என்று சொல்ல எனக்கு மனசே வரவில்லை.

செலக்ட் டிஸ்டிங்ட் சீட்டு_எண் ஃப்ரம் வரத்து என்று போட்டால் எல்லாச் சீட்டும் வருகிறது. ஜோடி இல்லாதது மட்டும், அதுவும் முழு வரிசையாக எடை, ஊர் எல்லாம் சேர்ந்து வர வேண்டும். என்ன எழுத வேண்டும்?


தொண்டி_தம்பி எழுதியது:

அக்கா, டிஸ்டிங்ட் இதற்கு ஆகாது. 37, 37, 38 என்று இருந்தால் டிஸ்டிங்ட் 37, 38 இரண்டையும் கொடுக்கும், ஒவ்வொன்றையும் ஒரு தடவை காட்டும் அவ்வளவுதான். உங்களுக்கு வேண்டியது 38 மட்டும். அதற்குக் கூட்டிச் சேர்த்து எண்ண வேண்டும்:

செலக்ட் சீட்டு_எண்
ஃப்ரம் வரத்து
குரூப் பை சீட்டு_எண்
ஹேவிங் கவுண்ட்(*) = 1;

முழு வரிசை வேண்டுமென்றால் இதையே உள்ளே வைத்துவிடுங்கள்:

செலக்ட் * ஃப்ரம் வரத்து
வேர் சீட்டு_எண் இன் (
  செலக்ட் சீட்டு_எண் ஃப்ரம் வரத்து
  குரூப் பை சீட்டு_எண்
  ஹேவிங் கவுண்ட்(*) = 1
);

கட்டளைச் சொற்களை இங்கே படிக்க வசதியாகத் தமிழில் எழுதியிருக்கிறேன், அடிக்கும்போது ஆங்கிலத்தில் அடித்துக்கொள்ளுங்கள். அட்டவணை, நெடுவரிசைப் பெயர்கள் தமிழிலேயே இருக்கலாம், எஸ்கியூலைட் ஏற்றுக்கொள்ளும். கவுண்ட் நிபந்தனையை வேர் பக்கம் வைக்காதீர்கள், பிழை காட்டும். வேர் என்பது கூட்டம் பிரிப்பதற்கு முன்னால் ஒவ்வொரு வரிசையாகப் பார்க்கிற இடம், ஹேவிங்தான் கூட்டம் பிரித்த பிறகு பார்ப்பது.


மண்டபம்_கணக்கு எழுதியது:

நன்றி தம்பி, வந்தது. ஆனால் எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு விட்டுப்போன சீட்டு, திருப்பாலைக்குடிச் சீட்டு, இந்தப் பட்டியலில் வரவே இல்லை. சரி, இன்னும் நுணுக்கமாகப் பிரிக்கலாம் என்று குரூப் பையில் ஊர், எடை இரண்டையும் சேர்த்தேன். இப்போது கிட்டத்தட்ட மொத்த அட்டவணையும் ஜோடி இல்லாதது என்று வந்து நிற்கிறது.


கீழக்கரை_காக்கா எழுதியது:

எடையைச் சேர்த்ததும் ஏன் எல்லாமே தனியாகிவிட்டது என்பதை முதலில் பார்த்துவிடலாம் சகோதரி. கரையில் போடும் எடையும் கம்பெனியில் போடும் எடையும் கிராம் மாறாமல் ஒன்றாக இருக்கவே இருக்காது. வலையிலிருந்து கழற்றிய நண்டில் தண்ணீர் இருக்கும், வண்டியில் வரும்போது வடியும், கால் ஒடிந்து விழும். கரையில் 12.400 என்றால் கம்பெனியில் 12.150 இருக்கலாம். குரூப் பைக்கு 12.400 ஒரு கூட்டம், 12.150 இன்னொரு கூட்டம், ஒவ்வொன்றிலும் ஒரே வரிசை. நீங்கள் கேட்டதைத்தான் அது கொடுத்திருக்கிறது. குரூப் பையில் போடுவது எதுவோ அதுதான் 'இந்த இரண்டு வரிசையும் ஒன்றுதான்' என்பதற்கு நீங்கள் சொல்லும் இலக்கணம். அதில் சீட்டின் அடையாளம் மட்டும் இருக்க வேண்டும், அளந்து வந்த எதுவும் இருக்கக் கூடாது.

சரி, அடையாளம் எது? சீட்டு எண் மட்டும் போதாது. உங்கள் சீட்டுப் புத்தகம் ஒவ்வொன்றும் 1-லிருந்து ஆரம்பித்து 100-இல் முடியும் என்று நினைக்கிறேன், புத்தக எண் தனியாக வைத்திருப்பதே அதனால்தானே. ஒவ்வொரு ஊரிலும் ஒரு 37 இருக்கும், அடுத்த புத்தகத்திலும் ஒரு 37 வரும். திருப்பாலைக்குடிச் சீட்டு வராததற்கு இதுதான் காரணமாக இருக்கும். அந்த ஊர் 37-க்குக் கரைப் பதிவு மட்டும் இருக்கிறது, மோர்ப்பண்ணை 37-க்குக் கம்பெனிப் பதிவு மட்டும் இருக்கிறது என்று வையுங்கள். சீட்டு எண்ணை மட்டும் வைத்து எண்ணினால் மொத்தம் 2. ஜோடி மாதிரியே தெரியும். ஒன்றோடொன்று சம்பந்தமே இல்லாத இரண்டு தவறிய சீட்டுகள் ஒன்றை ஒன்று மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும், இரண்டு வள்ளத்துக்காரர் பணமும் நிற்கும்.

இன்னொன்றும் இருக்கிறது. யாராவது ஒருவர் கரைச் சீட்டையே இரண்டு தடவை பதிந்துவிட்டால்? கவுண்ட்(*) அங்கேயும் 2 என்றுதான் சொல்லும், ஆனால் கம்பெனிப் பதிவே இல்லை. அதனால் எத்தனை வரிசை என்று எண்ணாமல் எத்தனை விதமான இடம் என்று எண்ணுங்கள். டிஸ்டிங்ட்டுக்கு உண்மையான வேலை இங்கேதான்:

செலக்ட் ஊர், புத்தகம்_எண், சீட்டு_எண்,
  மின்(இடம்), மின்(எடை), மேக்ஸ்(எடை), கவுண்ட்(*)
ஃப்ரம் வரத்து
குரூப் பை ஊர், புத்தகம்_எண், சீட்டு_எண்
ஹேவிங் கவுண்ட்(டிஸ்டிங்ட் இடம்) = 1;

கூட்டத்தில் இருப்பது ஒரே வரிசை என்றால் மின் என்ன கொடுக்கும்? அந்த வரிசையில் உள்ளதையேதான் கொடுக்கும், அதனால் உள்ளே ஒரு செலக்ட், வெளியே ஒரு செலக்ட் என்று எழுத வேண்டியதில்லை. கடைசிக் கவுண்ட்டில் 2 என்று வந்தால் அது ஒரே பக்கத்தை இரண்டு முறை பதிந்தது என்று தெரிந்துகொள்ளலாம்.


தொண்டி_தம்பி எழுதியது:

புத்தக எண் இருப்பதை நான் கவனிக்கவில்லை காக்கா, இதுதான் சரி.


பாம்பன்_கரை எழுதியது:

கீழக்கரை அண்ணன் சொன்னதில் ஒரே ஒரு இடம் மாற்ற வேண்டும். = 1 என்பதற்குப் பதில் < 2 என்று போடுங்கள். கவுண்ட்(டிஸ்டிங்ட் இடம்) என்பது 'நல்' (மதிப்பே இல்லாத காலிக் கட்டம்) ஆக இருப்பதை எண்ணாது. இடம் நிரப்பாமல் விட்ட வரிசை மட்டும் ஒரு சீட்டுக்கு இருந்தால் எண்ணிக்கை 0 ஆகும், = 1 அதை விட்டுவிடும். நமக்கு முதலில் கண்ணில் பட வேண்டியதே அந்த மாதிரி வரிசைதான்.

ஆனால் இந்த வேலைக்கு நான் குரூப் பையை எடுக்கவே மாட்டேன். இப்படி எழுதுவேன்:

செலக்ட் அ.*
ஃப்ரம் வரத்து அ
வேர் நாட் எக்ஸிஸ்ட்ஸ் (
  செலக்ட் 1 ஃப்ரம் வரத்து ஆ
  வேர் ஆ.ஊர் = அ.ஊர்
  ஆண்ட் ஆ.புத்தகம்_எண் = அ.புத்தகம்_எண்
  ஆண்ட் ஆ.சீட்டு_எண் = அ.சீட்டு_எண்
  ஆண்ட் ஆ.இடம் <> அ.இடம்
);

எதிர்ப்பக்கப் பதிவு இல்லாத வரிசைகளைக் கொடு, அவ்வளவுதான் இது சொல்வது. முழு வரிசையும் வந்துவிடும்.

காரணம் காலிக் கட்டங்கள். சீட்டு நனைந்து எண் படிக்க முடியாமல் போய், எண் போடாமலே பதிவது எந்தக் கரையிலும் நடக்கிற விஷயம். குரூப் பை எல்லா 'நல்'களையும் ஒரே கூட்டமாகச் சேர்த்துவிடும். தொண்டியில் ஒரே புத்தகத்தில் எண் இல்லாத வரிசைகள் ஆறு இருந்தால், அதில் கரையும் கம்பெனியும் கலந்திருந்தால், அந்தக் கூட்டம் ஜோடி உள்ளது என்று கழிந்து போகும், ஆறும் பட்டியலில் வராது. மேலே எழுதியதில் '=' குறி 'நல்' வந்தால் ஒருபோதும் உண்மை ஆகாது என்பதால் ஆறு வரிசையும் தனித்தனியாகப் பட்டியலில் வந்து நிற்கும். வேறு கணக்குகளில் இது தொந்தரவு, அங்கே '=' இடத்தில் 'இஸ்' போட்டு எழுதுவோம், எஸ்கியூலைட் அதை ஏற்கும். உங்களுக்கு '=' தான் வேண்டும்.

அப்புறம், நாட் எக்ஸிஸ்ட்ஸ் இடத்தில் நாட் இன் என்று எழுதிவிடாதீர்கள். உள்ளே வரும் பட்டியலில் ஒரே ஒரு 'நல்' இருந்தாலும் நாட் இன் ஒரு வரிசை கூடக் கொடுக்காது. பிழையும் காட்டாது. வெறும் பட்டியலைப் பார்த்து எல்லாம் சரியாக இருக்கிறது என்று நினைத்துவிடுவோம்.

எக்செல்லிலிருந்து சிஎஸ்வி (காற்புள்ளி போட்டுப் பிரித்த எழுத்துக் கோப்பு) வழியாகக் கொண்டுவந்திருந்தால் காலிக் கட்டம் 'நல்' ஆக வந்திருக்காது, வெறும் எழுத்தில்லாத சரமாக வந்திருக்கும், அதற்கு '=' பொருந்திவிடும். அதனால் முதலில்

அப்டேட் வரத்து செட் சீட்டு_எண் = நல்இஃப்(ட்ரிம்(சீட்டு_எண்), '');

என்று ஒரு தடவை ஓட்டிவிடுங்கள், மற்ற நெடுவரிசைகளுக்கும் அப்படியே. சீட்டு_எண் எழுத்து வகையாக இருந்தால் '037'-உம் '37'-உம் வேறு வேறு, அதையும் கேஸ்ட் போட்டு முழு எண்ணாக்குங்கள். இதெல்லாம் செய்யும் முன் கோப்பை அப்படியே இன்னொரு பெயரில் நகல் எடுத்து வையுங்கள், எஸ்கியூலைட்டில் மொத்தமும் ஒரே கோப்புதானே.

வரிசைகள் அதிகமாகி மெதுவானால் (ஊர், புத்தகம்_எண், சீட்டு_எண்) மீது ஒரு இண்டெக்ஸ் (தேடலை வேகமாக்கும் சுட்டுப்பட்டியல்) போட்டால் போதும்.


மண்டபம்_கணக்கு எழுதியது:

அண்ணே, பெரிய உதவி. திருப்பாலைக்குடிச் சீட்டு வந்துவிட்டது, அதோடு நாங்கள் யாருமே பார்க்காத வேறு சிலவும் வந்திருக்கின்றன. ஒன்று மட்டும் புரியவில்லை. தொண்டிச் சீட்டுகளில் பாதிக்கு மேல் ஜோடி இல்லை என்கிறது. திரையில் பார்த்தால் இரண்டு வரிசையும் இருக்கிறது, ஊர், புத்தகம், எண் எல்லாம் ஒன்றேதான். ட்ரிம் போட்டுவிட்டேன், '037' பிரச்சினையும் சரிசெய்துவிட்டேன். மோர்ப்பண்ணையிலும் கொஞ்சம் இப்படி இருக்கிறது. தேவிபட்டினத்திலும் சில.


ராம்நாடு_எழுத்துரு எழுதியது:

தொண்டி, மோர்ப்பண்ணை என்று கேட்டவுடனேயே தெரிந்துவிட்டது, இது எழுத்துப் பிரச்சினை. இதை ஓட்டிப் பாருங்கள்:

செலக்ட் ஊர், லெங்த்(ஊர்), கவுண்ட்(*) ஃப்ரம் வரத்து குரூப் பை ஊர்;

தொண்டி இரண்டு வரிசையாக வரும். ஒன்றுக்கு நீளம் 6, இன்னொன்றுக்கு 7.

'தொ' என்பதை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம். த-வுக்குப் பிறகு ஒகரக் குறி முழுதாக ஒரே குறியீடாக வரலாம், அது 3018. அல்லது கொம்பு தனியாக, கால் தனியாக, 3014, 3006 என்று இரண்டு குறியீடாக வரலாம். திரையில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும், பூதக்கண்ணாடி வைத்தாலும் வித்தியாசம் தெரியாது. பழைய எழுத்துருவில் அடித்து யூனிகோடுக்கு மாற்றிய கோப்புகளில் இது அடிக்கடி வரும், ஏனென்றால் அந்த எழுத்துருக்களில் கொம்பும் காலும் தனித்தனி விசை. கரைப் பதிவு ஒரு கணினியிலிருந்தும் கம்பெனிப் பதிவு வேறு ஒன்றிலிருந்தும் வருகிறதா என்று பாருங்கள். எஸ்கியூலைட் எழுத்தை எழுத்தாகப் பார்ப்பதில்லை, பைட் பைட்டாக ஒப்பிடுகிறது, அதற்கு இது இரண்டு ஊர்.

'மோ'-விலும் அதே கதை: 3019 ஒற்றையாக, அல்லது 3015, 3006 சேர்ந்து. சரிசெய்ய:

அப்டேட் வரத்து செட் ஊர் =
  ரீப்ளேஸ்(
    ரீப்ளேஸ்(ஊர், கேர்(3014)||கேர்(3006), கேர்(3018)),
    கேர்(3015)||கேர்(3006), கேர்(3019));

போஸ்ட்கிரெஸ் (எஸ்கியூலைட் மாதிரி இன்னொரு தரவுத்தளம்) வைத்திருப்பவர்களுக்கு இது தேவையில்லை, 2020-இல் வந்த 13-ஆம் பதிப்பிலிருந்து நார்மலைஸ் என்று ஒரு ஃபங்ஷன் உள்ளேயே இருக்கிறது. எஸ்கியூலைட்டில் அது கிடையாது. பைத்தானில் யூனிகோட்டேட்டா கொண்டு என்எஃப்சி முறைக்கு (பிரிந்து நிற்கும் குறிகளை ஒரே குறியீடாகச் சேர்க்கும் முறை) மாற்றிவிட்டு உள்ளே போடலாம், நான் தமிழ்த் தரவு எதுவாக இருந்தாலும் அப்படித்தான் செய்கிறேன்.

ஔகாரம் இன்னும் மோசம். கொம்புக்குப் பிறகு ஔகாரக் குறியின் வால் போடாமல் 'ள' எழுத்தையே அடித்திருந்தால் என்எஃப்சி கூட அதைச் சேர்க்காது, அதன் கணக்கில் அது உண்மையிலேயே வேறு எழுத்து. 'மௌலானா' மாதிரிப் பெயர்கள் உங்கள் வள்ளத்துக்காரர் பட்டியலில் இருந்தால் அங்கேயும் பாருங்கள்.

தேவிபட்டினம் வேறு விஷயம். அது ஒருவர் 'தேவிபட்டினம்' என்றும் ஒருவர் 'தேவிப்பட்டினம்' என்றும் அடித்ததாக இருக்கும். அதை எந்த ஃபங்ஷனும் தீர்க்காது. ஊர்களுக்குத் தனி அட்டவணை வைத்து, வரத்தில் ஊர்ப் பெயருக்குப் பதில் குறி எண்ணைப் போடுங்கள், பதிபவர் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கட்டும். பத்திருபது ஊருக்கு இதைச் செய்ய அரை மணி நேரம் ஆகாது, அப்புறம் இந்தத் தலைவலியே இல்லை.


கீழக்கரை_காக்கா எழுதியது:

அதைச் செய்யும்போதே கரைச் சீட்டை இரண்டு முறை பதிவதையும் தடுத்துவிடுங்கள். (ஊர்_குறி, புத்தகம்_எண், சீட்டு_எண், இடம்) நான்கும் சேர்ந்து ஒரு யூனிக் இண்டெக்ஸ் போடுங்கள், அதே நான்கும் மறுபடி வந்தால் அது ஏற்காது. ஏற்கெனவே இரட்டிப்பு இருந்தால் இண்டெக்ஸ் உருவாகாது, முதலில் ஹேவிங் கவுண்ட்(*) > 1 போட்டு அவற்றைக் கண்டுபிடித்துக் கழியுங்கள். இந்த இண்டெக்ஸும் 'நல்' வந்தால் தடுக்காது, எத்தனை 'நல்' வந்தாலும் உள்ளே விடும் என்பதை மறக்க வேண்டாம். போஸ்ட்கிரெஸ் 15-இல் அதற்கு ஒரு வழி வந்தது, எஸ்கியூலைட்டில் நெடுவரிசைக்கே நாட் நல் (காலியாக விடக் கூடாது என்ற நிபந்தனை) போடுவதுதான் எளிய வழி. சீட்டு எண் படிக்க முடியாத வரவுகளுக்கு நாட் நல் ஒத்துவராது, அவற்றைத் தனி அட்டவணையில் வையுங்கள், அது சின்னதாக இருந்தால் தினமும் ஒருவர் கண்ணால் பார்த்துவிடலாம்.


மண்டபம்_கணக்கு எழுதியது:

தொண்டி, மோர்ப்பண்ணை இரண்டும் சரியாகிவிட்டன. பட்டியல் இப்போது ஒரு பக்கத்தில் அடங்குகிறது, அதில் இருக்கும் ஒவ்வொன்றும் உண்மையாகவே விட்டுப்போன சீட்டு. நகலை எடுத்துவைத்துத் தேடினால் கிடைக்கிறது, இந்த வாரக் கணக்கிலேயே அவர்களுக்குப் போட்டுவிடலாம்.

கடைசியாக ஒன்று. பழைய பதிவுகளில் புத்தக எண்ணே கிடையாது. இப்போது தடைக்காலம் என்பதால் விசைப்படகு வரத்து இல்லை, வள்ளத்து நண்டு மட்டும்தான், அதனால் வேலை கொஞ்சம் குறைவு. ஜூன் 14 முடிந்து படகுகள் இறங்குவதற்குள் பழையதையும் தீர்த்துவிட ஆசை. புத்தக எண்ணுக்குப் பதில் தேதியை வைக்கலாமா?


பாம்பன்_கரை எழுதியது:

வைக்கலாம், ஆனால் '=' போட்டு வைக்க முடியாது. சாயங்காலம் கரையில் எடை போட்டது ராத்திரி வண்டியில் வந்து உங்களிடம் மறுநாள் தேதியில்தான் பதிவாகும். தேதி அப்படியே பொருந்த வேண்டும் என்றால் நல்ல ஜோடியெல்லாம் உடைந்துவிடும். குரூப் பையில் இதற்கு வழியே கிடையாது, நாட் எக்ஸிஸ்ட்ஸில் உண்டு. புத்தகம்_எண் வரியை எடுத்துவிட்டு அந்த இடத்தில்

  ஆண்ட் ஆப்ஸ்(ஜூலியன்டே(ஆ.தேதி) - ஜூலியன்டே(அ.தேதி)) <= 1

என்று போடுங்கள். ஜூலியன்டே தேதியை நாள் எண்ணாக மாற்றும், அதனால் இரண்டு தேதிக்கும் ஒரு நாளுக்கு மேல் வித்தியாசம் இல்லை என்றால் ஜோடி என்று இது எடுத்துக்கொள்ளும். ஒரே ஊரில் ஒரே சீட்டு எண் அடுத்தடுத்த நாளில் வர வேண்டுமானால் ஒரே நாளில் ஒரு புத்தகமே தீர்ந்திருக்க வேண்டும், அல்லது அந்த ஊரில் ஒன்றுக்கு மேற்பட்ட ஏஜெண்ட் இருக்க வேண்டும். ஏஜெண்ட் இரண்டு பேர் இருக்கும் ஊர்களை மட்டும் கையால் சரிபாருங்கள்.

தேதி 2024-06-15 என்று வருடம் முதலில் வரும்படி இருக்க வேண்டும். 15-06-2024 என்று இருந்தால் ஜூலியன்டே 'நல்' கொடுக்கும், நிபந்தனை எதற்கும் பொருந்தாது, மறுபடி மொத்த அட்டவணையும் ஜோடி இல்லாதது என்று வந்து நிற்கும். எக்செல்லிலிருந்து வந்த தேதி என்றால் அநேகமாக நாள் முதலில்தான் இருக்கும், சப்ஸ்டர் போட்டுத் திருப்பிக்கொள்ளுங்கள்:

அப்டேட் வரத்து செட் தேதி =
  சப்ஸ்டர்(தேதி,7,4)||'-'||சப்ஸ்டர்(தேதி,4,2)||'-'||சப்ஸ்டர்(தேதி,1,2)
வேர் தேதி லைக் '__-__-____';

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள், ஏற்கெனவே சரியாக இருக்கிற தேதிகளைக் குலைக்காமல் இருப்பதற்குத்தான் அது.